அம்மாவின் மருந்துப் பை எந்த வழியாகப் போக வேண்டும்: நேர் விமானமா, சிங்கப்பூர் வழியா, கப்பலா?

அம்மாவுக்கு வயது 74. பினாங்கில் ஆயர் ஈத்தாமில் எங்களோடு இருக்கிறார். தஞ்சாவூரில் அவருடைய தம்பி வீட்டுத் திருமணத்துக்குப் போய் ஆறு வாரம் தங்கிவர வேண்டும் என்று முடிவானபோது, பயண ஏற்பாடு என் பொறுப்பாயிற்று. வீட்டில் மூன்று கருத்துகள் இருந்தன. கோலாலம்பூர் போய் அங்கிருந்து சென்னைக்கு நேர் விமானத்தில் ஏற வேண்டும் என்றேன் நான். சிங்கப்பூரில் தன் வீட்டில் இரண்டு நாள் தங்க வைத்துப் பிறகு அங்கிருந்து விமானம் ஏற்றிவிடலாம் என்றான் தம்பி. அக்காவின் யோசனை வேறு. ஜார்ஜ்டவுன் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலிருந்து புக்கெட் வழியாகச் சிங்கப்பூர் போகும் உல்லாசக் கப்பலில் அம்மாவை அழைத்துப் போய், அங்கிருந்து விமானத்தில் அனுப்பலாம் என்றார்.

அக்காவின் யோசனைக்குப் பின்னால் ஓர் ஆசை இருந்தது. எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலில் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த அம்மா, ஒரு தடவையாவது கப்பலில் போக வேண்டும் என்று சொல்லாத ஆண்டு இல்லை. ரஜூலாவும் அதன் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் ஓடிய அந்த வழியில் இன்று வழக்கமான பயணிகள் கப்பல் கிடையாது என்பதால், உல்லாசக் கப்பல்தான் அவருக்கு மிஞ்சியிருக்கும் கடல் பயணம். ஆகவே மூன்று வழிகளையும் கட்டணத்தாலும் களைப்பாலும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் கப்பலே வென்றிருக்கும். கணக்கை மாற்றியது அவருடைய மருந்துப் பை.

அந்தப் பையில் இருப்பவற்றை முதலில் மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டேன். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எந்த வழி நல்லது என்று பேசுவது பயனற்றது என்பதை இப்போது உறுதியாக நம்புகிறேன். முதல் குவியலில் மெட்ஃபார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவை இருந்தன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்குமான இம்மாத்திரைகள் மருத்துவர் சீட்டின்பேரில் கிடைப்பவை என்றாலும், உலகில் எந்த நாட்டுச் சுங்கமும் இவற்றைப் போதைப்பொருள் கண்ணோடு பார்ப்பதில்லை. இரண்டாம் குவியலில் இன்சுலின் பேனாக்களும் ஊசிமுனைகளும் இருந்தன. இவற்றில் சட்டச் சிக்கலைவிட வெப்பநிலைச் சிக்கலே பெரிது. மூன்றாம் குவியலில் இருந்தவை, நாடுகள் கட்டுப்பாட்டு மருந்தாகத் தனிக் கண்ணோடு பார்க்கும் இரண்டே மருந்துகள். இரவில் பதற்றம் தணிந்து உறங்குவதற்காகப் பல ஆண்டுகளாக அரை மாத்திரை வீதம் எடுத்துவரும் அல்பிராசோலம் ஒன்று. மூட்டுவலி தாங்க முடியாத நாள்களில் எடுக்கும் டிரமடோல் மற்றொன்று. பையிலேயே மிகச் சிறிய குவியல் அதுதான், ஆனால் பயண வழியை முடிவு செய்தது அதுதான்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கொண்டுபோவதில் என்ன தடை இருக்க முடியும் என்று தம்பி கேட்டான். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மலேசிய மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மலேசியச் சட்டத்தில் உள்ள வலிமை, எல்லையைத் தாண்டியதும் ஒரு சான்றின் வலிமையாகச் சுருங்கிவிடுகிறது. இந்த மருந்து இவருக்கு முறைப்படி கொடுக்கப்பட்டது என்பதை அது காட்டும். அதை உள்ளே விடுவதா, எவ்வளவு விடுவது, முன் அனுமதி கேட்பதா என்பதையெல்லாம் போய்ச்சேரும் நாடே தீர்மானிக்கும். 1971ஆம் ஆண்டின் உளத்தூண்டு பொருள்கள் (மனநிலையை மாற்றும் மருந்துகள்) பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு, பயணிகள் தம் சொந்தத் தேவைக்காகச் சிறிய அளவைக் கொண்டுசெல்ல நாடுகள் இடம்கொடுக்கலாம் என்கிறது. அதே பிரிவு, அந்த மருந்து சட்டப்படி பெறப்பட்டதுதானா என்று உறுதி செய்துகொள்ளும் உரிமையையும் ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. இடம்கொடுக்கலாம் என்று அந்த உடன்படிக்கை விட்ட சலுகையை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு அளவில் பயன்படுத்தியிருக்கிறது. பயணிக்கு வரும் தொல்லைகள் அனைத்தும் அந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

அக்கா சொன்ன வாதம் இன்னும் நுட்பமானது. கப்பலும் விமானமும் மருந்துப் பெட்டி வைத்துக்கொள்வதற்குப் பன்னாட்டுச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்று எங்கோ படித்திருந்தார். அது உண்மைதான். 1961ஆம் ஆண்டின் போதைமருந்துகள் பற்றிய ஒற்றை உடன்படிக்கை தன் 32ஆவது பிரிவில், நாடுகளுக்கிடையே ஓடும் கப்பல்களும் விமானங்களும் முதலுதவிக்கும் அவசரத் தேவைக்கும் வேண்டிய சிறிய அளவு மருந்தை வைத்திருப்பது இறக்குமதியாகவோ ஏற்றுமதியாகவோ கருதப்படாது என்கிறது. 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 14ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த விலக்கு, கப்பலின் மருந்துப் பெட்டிக்கும் விமானத்தின் மருந்துப் பெட்டிக்கும் உரியது. பயணியின் கைப்பைக்கு அது பொருந்தாது. பெட்டிக்குக்கூட அது முழு விடுதலை தரவில்லை. கப்பலோ விமானமோ எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டத்துக்கு அந்தப் பெட்டி கட்டுப்பட்டது, உள்ளூர் அதிகாரிகள் ஏறிச் சோதிக்கும் உரிமைக்கும் உட்பட்டது. கப்பலுக்கே இவ்வளவு நிபந்தனை இருக்கும்போது, அதில் போகும் பயணி தன்னை எல்லா நாடுகளுக்கும் வெளியே இருப்பவராக நினைத்துக்கொள்ள வழியில்லை.

விமானத்தில் பறக்கும் நேரத்துக்கு 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கைப்படி, விமானம் பதிவான நாட்டின் சட்டம் பொருந்தும். மலேசியாவில் பதிவான விமானத்தில் வங்கக் கடலுக்கு மேல் பறந்துகொண்டிருக்கும்போது அம்மா மலேசியச் சட்டத்துக்குள் இருக்கிறார், சென்னையில் இறங்கியதும் இந்தியச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். இடையில் வேறெதுவும் இல்லை. கப்பலின் நிலைமை அவ்வளவு எளிதன்று. நடுக்கடலில் கப்பல் பறக்கவிடும் கொடியின் நாட்டுச் சட்டம் செல்லும், உல்லாசக் கப்பல்கள் பலவும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைத் தாங்கியவை. ஆனால் பினாங்கிலிருந்து புக்கெட், அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூர் என்ற பாதையின் பெரும்பகுதி ஏதாவதொரு நாட்டின் கரையை ஒட்டியே போகிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு, தன் 12 கடல் மைல் எல்லைக்குள் கடந்துபோகும் வெளிநாட்டுக் கப்பலில் ஏறிக் கரையோர நாடு யாரையும் கைது செய்யக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அதற்குச் சில விதிவிலக்குகளையும் தருகிறது. போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பது அவற்றுள் ஒன்று. கப்பல் துறைமுகத்தில் கட்டப்பட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அம்மா அறையைவிட்டு இறங்காவிட்டாலும், கப்பல் நிற்கும் நீர் தாய்லாந்தின் நீர்தான். அரை மாத்திரை அல்பிராசோலத்துக்காக யாரும் நடுக்கடலில் கப்பலை நிறுத்தப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். சட்டம் எங்கெங்கே மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அதற்கேற்ற தாள்களை ஆயத்தம் செய்ய முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி ஒவ்வொரு நாடும் மருந்துக்குப் போட்டிருக்கும் கோட்டுக்கு வருவோம். மலேசியாவில் மருந்துகளை ஆள்பவை 1952ஆம் ஆண்டின் மூன்று சட்டங்கள்: நச்சுப் பொருள் சட்டம், அபாயகரப் போதைப்பொருள் சட்டம், மருந்து விற்பனைச் சட்டம். அல்பிராசோலம் முதல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உளத்தூண்டு பொருளாக இருக்கிறது. மார்ஃபின் போன்றவை இரண்டாவது சட்டத்தில் வருகின்றன. மலேசியாவுக்குள் வரும் பயணிக்குச் சுகாதார அமைச்சு வைத்திருக்கும் அளவு, சீட்டோடும் மருத்துவர் கடிதத்தோடும் ஒரு மாதத் தேவை. புறப்படும்போது இது அம்மாவைத் தொடாது. திரும்பி வரும்போது நிச்சயம் தொடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவில் இரண்டு கணக்குகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 36ஆவது விதி, பயணி தன் சொந்தப் பயணப் பையில், தன் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கொண்டுவரும் மருந்துக்கு இடம் தருகிறது. சுங்க அதிகாரிகள் கேட்டால் அறிவிக்க வேண்டும், ஒரே மருந்து 100 சராசரி வேளைக்கு மேற்படக் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். அம்மா நாளொன்றுக்கு இரண்டு மெட்ஃபார்மின் எடுக்கிறார். 42 நாளுக்கு 84 ஆகிறது, எல்லைக்குள் இருக்கிறது. மூன்று வேளை எடுப்பவருக்கு அதே ஆறு வாரத்துக்கு 126 ஆகிவிடும் என்பதை நீண்ட நாள் தங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு 1985ஆம் ஆண்டின் போதைமருந்து மற்றும் உளத்தூண்டு பொருள் சட்டமும் விதிகளும் குறுக்கே வருகின்றன. அவ்விதிகளில் 66ஆவது, ஒருவர் தம் மருத்துவத் தேவைக்கு உளத்தூண்டு மருந்தை ஒரே நேரத்தில் 100 அலகு வரை வைத்திருக்கலாம் என்றும், நீண்டகாலத் தேவை என்று மருத்துவர் குறிப்பாக எழுதினால் 300 வரை போகலாம் என்றும் சொல்கிறது. அல்பிராசோலம் 42 இரவுக்கு 21 மாத்திரைதான். டிரமடோலில்தான் தயங்கினேன். நம் ஊரில் வலி மாத்திரையாகப் பழகிப்போன அது, இந்தியாவில் 2018 ஏப்ரலிலிருந்து உளத்தூண்டு பொருள் பட்டியலில் இருக்கிறது. பழைய நினைப்பில் டிரமடோல் அட்டைகளைக் கொத்தாகப் பையில் போட்டுச் செல்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் கோடு வேறு விதமாக வரையப்பட்டிருக்கிறது. சாதாரண மருந்துகளுக்கு மூன்று மாதத் தேவை வரை அந்நாடு தாராளமாகவே இடம் தருகிறது. ஆனால் தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, வலுவான வலி மருந்து என்று கட்டுப்பாட்டுப் பொருள் அடங்கியவற்றுக்கு, வந்து இறங்குவதற்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அனுமதி பெற வேண்டும். இறங்கிய பிறகு கடிதத்தை நீட்டுவது அதற்கு ஈடாகாது. விண்ணப்பம் இணையத்தில்தான், கடினமானதும் அன்று. மருத்துவர் கடிதத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும், அவ்வளவே. சிங்கப்பூரைப் பற்றிப் பேசும்போது மருந்தல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குருமாவுக்கென்று நாம் பையில் போட்டுக்கொள்ளும் கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். அதில் மார்ஃபினின் சுவடு இருக்கக்கூடும் என்பதால் போதைப்பொருள் ஒழிப்பு மையத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவர முடியாது. மருந்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு கசகசாவோடு போய் நிற்கக் கூடாது.

தாய்லாந்து, கட்டுப்பாட்டு மருந்துகளில் 30 நாள் தேவைக்கு மேல் பயணி கொண்டுவருவதை ஏற்பதில்லை. மார்ஃபின் வகை மருந்துகளுக்கு முன்கூட்டியே அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

இப்போது மூன்று வழிகளையும் இந்தக் கோடுகளின்மேல் வைத்துப் பார்க்கலாம். நேர் விமானத்தில் அம்மா ஒரே ஒரு வெளிநாட்டுச் சட்டத்தின் முன் நிற்கிறார். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங் வரை உள்நாட்டுப் பயணம், பிறகு ஏறக்குறைய நான்கு மணி நேரம், பிறகு சென்னைச் சுங்கம். சிங்கப்பூர் வழியில் இரண்டு சட்டங்கள். இரண்டு நாள் தங்கலுக்காக, ஆறு வாரத்துக்குரிய கட்டுப்பாட்டு மருந்து முழுவதையும் அங்கே உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதுதான் அந்த வழியின் குறை. இரண்டு இரவுக்கு ஒரே ஒரு மாத்திரை போதுமென்றாலும், பையில் இருப்பது இருபத்தொன்று. கப்பல் வழியில் மூன்று சட்டங்கள், அவற்றின் நடுவே கொடியின் சட்டம் ஒன்று. தாய்லாந்தின் 30 நாள் எல்லையோடு அம்மாவின் 42 நாள் பை நேராக மோதுகிறது. கப்பலுக்குத் தனியாக, விமானத்துக்குத் தனியாக என்று மருந்தைப் பிரித்துவிட்டுப் பெரும்பகுதியை வேறு யாராவது சென்னைக்குக் கொண்டுவரட்டும் என்று அக்கா சொன்னதை உடனே மறுத்தேன். ஒருவர் பெயரில் உள்ள கட்டுப்பாட்டு மருந்தை இன்னொருவர் தூக்கிச் செல்வது, மேலே சொன்ன சலுகைகள் அனைத்தையும் ஒரே அடியில் இழப்பதாகும். அவை எல்லாமே சொந்தத் தேவை என்ற ஒரு சொல்லின்மேல் நிற்பவை.

அப்படியானால் அந்த மாத்திரையையே விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அல்பிராசோலம் போன்ற மருந்தை நீண்ட நாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் உறக்கமின்மையும் நடுக்கமும் மட்டுமல்லாமல் வலிப்பே வரக்கூடும். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. சுங்கத்துக்குப் பயந்து விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகக் கூடியது அன்று.

வழி முடிவானாலும் பை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி தனியாக நிற்கிறது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் திருச்சிக்குப் போனபோது, கைப்பை கனக்கிறதென்று இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைத்துச் சரக்கில் போட்டுவிட்டோம். பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. முகப்பில் இருந்தவரிடம் இன்சுலின் உள்ளே இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லியும், பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்ற விவரம்கூட அன்று கிடைக்கவில்லை. அந்த இரவு உள்ளூர் மருத்துவர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுதி வாங்கினோம். பெட்டியில் வந்து சேர்ந்த இன்சுலினை நம்பிப் போட முடியாமல் எறிந்தோம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அது பயன்படாது. சரக்கறையில் அது உறையவும் கூடும், ஓடுதளத்து வெயிலில் நின்ற வண்டியில் வேகவும் கூடும். ஆகவே கைப்பையா பெட்டியா என்பதில் ஒப்பிட எதுவும் இல்லை. மருந்து முழுவதும் கைப்பையில் இருக்க வேண்டும்.

கைப்பையில் திரவத்துக்கு 100 மில்லிலிட்டர் எல்லை உண்டே என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2006ஆம் ஆண்டு இலண்டனில் திரவ வெடிமருந்துச் சதி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு உலகெங்கும் பரவிய அந்த விதியில், பயணத்துக்குத் தேவையான மருந்துக்கு விலக்கு இருக்கிறது. இன்சுலினையும் அதன் குளிர்ப் பொதியையும் ஊசிமுனைகளையும் தனியாக எடுத்துத் தட்டில் வைத்து, கடிதத்தைக் காட்டிச் சொன்னால் போதும். ஆனால் உறவினர்களுக்கென்று வாங்கும் கோடாலித் தைலம் பரிசுப்பொருள், அது பயணியின் மருந்தாகாது. திரவங்களுக்கான அந்த ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும். வலிக்கு அடிக்கும் தெளிப்பான் போன்றவற்றுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. விமானப் போக்குவரத்தின் அபாயப் பொருள் விதிகளின்படி மருந்தும் ஒப்பனைப் பொருளுமாக இப்படிப்பட்டவை ஒருவருக்கு மொத்தம் 2 கிலோ அல்லது 2 லிட்டர், ஒவ்வொரு கலனும் அரை கிலோ அல்லது அரை லிட்டர் என்ற அளவைத் தாண்டக் கூடாது. பாதரச வெப்பமானியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. உறையிட்டுப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கப்பலுக்கும் இதே அறிவுரைதான், காரணம் மட்டும் வேறு. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். மாலை இன்சுலின் அதற்குள் இருந்தால் வேளை தவறிவிடும். கப்பலில் மருத்துவர் இருப்பாரே என்று அக்கா சொன்னார். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களோடு மூன்று நாளுக்கு மேல் வெளிநாடு போகும் கப்பல்களில் தகுதிபெற்ற மருத்துவர் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது. பெரிய உல்லாசக் கப்பல்களில் குறுகிய பயணத்திலும் மருத்துவர் இருப்பதுண்டு. ஆனால் அவருடைய மருந்துப் பெட்டி அவசரத்துக்கானது. பயணி மறந்துவிட்டு வந்த மாத்திரை அந்தப் பெட்டியில் இருக்கும் என்று நம்பிப் புறப்படுவது சரியன்று. விமானத்தின் மருத்துவப் பெட்டிக்கும் இது பொருந்தும்.

மருந்தைத் தபாலில் முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்பது நாங்கள் சிறிது நேரமே எண்ணிப் பார்த்துக் கைவிட்ட வழி. கட்டுப்பாட்டு மருந்துகளைத் தபாலில் போடுவதைப் பன்னாட்டு அஞ்சல் விதிகளே தடுக்கின்றன. மற்றவற்றுக்கும், பயணியின் பையில் வராத மருந்து என்பதால் இந்தியாவில் 12அ படிவத்தில் விண்ணப்பித்து 12ஆ படிவத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

அங்கே போய் வாங்கிக்கொள்வது என்ற வழியோ அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. முதல் குவியலில் உள்ள மூன்றும் தஞ்சாவூரில் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், பல நேரம் இங்கே தனியார் மருந்தகத்தில் வாங்குவதைவிட மலிவாகவும் இருக்கும். ஆனால் வணிகப் பெயர் மாறிவிடும். அம்மா மாத்திரையை அட்டையின் நிறத்தால் அடையாளம் காண்பவர். புது அட்டையில் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு முறை போட்டுக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. அதைத் தவிர்க்க மருந்தின் வேதிப்பெயரும் மில்லிகிராமும் எழுதிய தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். அல்பிராசோலம், டிரமடோல் போன்றவை இந்தியாவில் 2014ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் இருப்பவை. கடைக்காரர் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருத்துவர் என்பவர் அங்கே பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதால், பினாங்கு மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி வாங்க முடியாது. எந்தக் கேள்வியும் இல்லாமல் கொடுக்கும் கடை எங்காவது இருக்கலாம், அப்படிப்பட்ட கடையை நம்பி நான் அம்மாவை அனுப்ப மாட்டேன்.

கடிதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் மாத்திரைகளைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, நோயாளி பெயரும் வேளையும் ‘உபாட் தெர்காவால்’ (கட்டுப்பாட்டு மருந்து) என்ற மலாய் வரியும் அச்சிட்ட தாளை ஒட்டித் தருகிறார்கள். நமக்கு அது போதும். மலாய் படிக்காத சென்னைச் சுங்க அதிகாரிக்கு அது பெயரில்லாத மாத்திரைகள் நிறைந்த பை. ஆகவே கட்டுப்பாட்டு மருந்துகளையேனும் நிறுவனத்தின் மூல அட்டையோடு, வெட்டாமல் தரும்படி மருந்தகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கடப்பிதழில் உள்ளபடியே பெயர், கடப்பிதழ் எண், நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் வேதிப்பெயர், வலிமை, நாளளவு, மொத்த எண்ணிக்கை, பயண நாள்கள் ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். நம்மவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் பெயரைத்தான். மருத்துவமனை அட்டையில் ஒரு விதமாகவும் கடப்பிதழில் ‘த/பெ’ சேர்ந்து வேறு விதமாகவும் இருந்தால், பார்ப்பவருக்கு அவர்கள் இரண்டு வேறு ஆள்கள். மொத்த எண்ணிக்கை, பயண நாளோடு பெருக்கிப் பார்த்தால் ஒத்துவர வேண்டும். போய்ச்சேரும் நாட்டின் விதியைப் புறப்படும் மாதத்திலேயே மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். வியன்னாவில் உள்ள பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் நாடுவாரியான பயணி விதிகளைத் தன் இணையப் பக்கத்தில் திரட்டி வைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்தந்த நாட்டின் தூதரகத்திடமும் கேட்பதே சரியான வரிசை.

திரும்பி வரும் பயணத்தில் நம்மில் பலர் கவனம் இழக்கிறார்கள். சென்னையிலிருந்து வருபவரின் பெட்டியில் அத்தைக்குச் சித்த மருந்து, பக்கத்து வீட்டுக்கு மூட்டுவலி மாத்திரை, மாமாவுக்கு ஓர் ஆண்டுக்கான சர்க்கரை மாத்திரை என்று ஏறிக்கொண்டே போகும். மலேசியாவில் பாரம்பரிய மருந்தும் பதிவு பெற்று ‘எம்.ஏ.எல்.’ எண் தாங்கியிருக்க வேண்டிய ஒன்று. தன் தேவைக்கு ஒரு மாத அளவைக் கொண்டுவருவது வேறு, ஊருக்கெல்லாம் சேர்த்துக் கொண்டுவருவது வேறு. பஸ்பம், செந்தூரம் போன்றவற்றில் பாதரசமும் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால் உடலுக்காகவும் இதில் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். யாருக்கும் மருந்து வாங்கி வரமாட்டோம் என்று இந்த முறை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். சிலருக்கு வருத்தம்தான்.

அம்மாவின் பையில் மூன்றாம் குவியல் இல்லாதிருந்தால் நான் கப்பலையே தேர்ந்தெடுத்திருப்பேன். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மட்டும் மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கு மூன்று வழிகளும் சட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவருக்கோ, இடையில் எந்த நாட்டையும் தொடாத நேர் விமானத்தைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். அதற்கும் இந்தியத் தூதரகத்தின் பதில் எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் பயணச்சீட்டு வாங்க வேண்டும்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. டிரமடோலை மருத்துவரிடம் பேசி இந்தப் பயணத்துக்கு நிறுத்திவிட்டோம். எப்போதாவது எடுத்த மருந்து என்பதால் அவர் பாரசிட்டமோலும் மூட்டுப் பட்டையும் போதும் என்றார். அல்பிராசோலம் 30 இரவுக்கு மட்டும், பதினைந்து மாத்திரை, வெட்டாத அட்டையில் போகிறது. இந்திய விதி 21க்கும் இடம் கொடுக்கும் என்றாலும், பல நாடுகளில் செல்லுபடியாகும் 30 நாள் என்ற அளவுக்குள் நிற்பதே எனக்கு நிம்மதி. மீதிப் பன்னிரண்டு இரவுக்குத் தஞ்சாவூரில் மாமா வீட்டு மருத்துவர் பார்த்து எழுதித் தருவார். மற்ற மாத்திரைகளும் இன்சுலினும் ஆறு வாரத்துக்கும் முழுமையாகக் கைப்பையில் இருக்கும். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், முதல் நாள் இரவு இன்சுலினை எத்தனை மணிக்குப் போடுவது என்பதையும் மருத்துவர் கடிதத்தின் பின்பக்கம் எழுதித் தந்திருக்கிறார்.

கப்பலை அம்மா விட்டுவிடவில்லை. திரும்பி வந்த பிறகு ஐந்து இரவுப் பயணம் ஒன்றுக்கு அக்கா தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐந்து இரவுக்கு மூன்று மாத்திரை. தாய்லாந்தின் எல்லைக்கு அது மிகவும் கீழே இருக்கிறது, சிங்கப்பூருக்கு மட்டும் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாளை அக்கா சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அம்மா தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரைப் பெட்டியைத் திறக்கிறார்.